பின்னால் நடந்து வந்தவர்

பொக்காராவில் நாங்கள் தங்கியிருந்த விடுதியின் தரையில் எட்டுப் பைகள் வரிசையாகக் கிடந்தன. வழிகாட்டியின் கையில் ஒரு தூக்குத் தராசு. ஒவ்வொரு பையையும் கொக்கியில் மாட்டித் தூக்கிப் பார்த்து, நோட்டில் எடையைக் குறித்துக்கொண்டே வந்தார். என் பை 14 கிலோ காட்டியது. "திதி, திறந்து பார்க்கலாமா?" என்று இந்தியில் கேட்டார். திதி என்றால் அக்கா. எனக்கு 53 வயது. அவருக்கு நாற்பதுக்குள் இருக்கும்.

பருத்திச் சுடிதார் மூன்றை எடுத்து வெளியே வைத்தார். வியர்வையில் நனைந்தால் பருத்தி லேசில் காயாது, மேலே போனால் அந்த ஈரமே உடம்பை நடுங்க வைக்கும் என்றார். கனத்த துண்டு இரண்டு, சலவை சோப்பு, ஒரு டின் முறுக்கு, தடிமனான நாவல் ஒன்று, எல்லாம் வெளியே வந்தன. மாவடு டப்பாவை மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்தார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்திருந்த ஒல்லியான இளைஞரைக் காட்டினார். "இதைச் சுமக்கப் போவது இந்தத் தம்பி. ஆளுக்குப் 10 கிலோ. இரண்டு பேர் பையைச் சேர்த்துக் கட்டினால் 20. அதற்கு மேல் அவனுடைய துணிமணி வேறு இருக்கிறது." அந்தப் பையனை நான் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன்.

ஊர் திரும்பியதும் பலர் கேட்டார்கள், கைடு வைத்துக்கொண்டு மலையேறப் போனால் எப்படி இருக்கும், என்னென்ன எதிர்பார்க்கலாம் என்று. தங்குமிடம், சாப்பாடு, செலவு என்று பதில் சொல்லத் தொடங்கினாலும் பேச்சு எப்படியோ அந்தத் தராசுக்கே வந்து நின்றுவிடுகிறது.

நாங்கள் போனது நேபாளத்தின் அன்னபூர்ணா பேஸ் கேம்ப். 4,130 மீட்டர் உயரம். ஏப்ரல் மாதம். நான், என் கணவர், எங்களோடு காலையில் நடைப்பயிற்சிக்கு வரும் ஆறு பேர். ரயிலில் கோரக்பூர் போய், அங்கிருந்து சுனௌலி எல்லையை நடந்தே கடந்தோம். இந்தியர்களுக்கு விசா வேண்டியதில்லை. பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ போதும். கைக்கடிகாரத்தில் 15 நிமிடத்தை முன்னே தள்ளி வைத்துக்கொண்டு, புட்வல், தான்சேன் வழியாக மலைச்சாலையில் வளைந்து வளைந்து பொக்காரா சேர்ந்தோம்.

கைடு அவசியமா என்று எங்கள் குழுவிலேயே ஒரு வாரம் விவாதம் நடந்தது. வழி நெடுக அறிவிப்புப் பலகை இருக்கிறது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு விடுதி வருகிறது, அப்புறம் எதற்கு என்று ஒருவர் கேட்டார். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் நடந்தது எங்கள் எல்லாருக்கும் நினைவிருந்தது. கோடைக் காட்டின் காய்ந்த புல்வெளியில் தீ ஏறி வந்தபோது எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல், மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரைவிட்டார்கள். காட்டின் காலநிலையும் காற்றின் போக்கும் தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்து, அவர் சொன்னதைக் கேட்கும் மனமும் நமக்கு இருந்தால்தான் மலைக்குப் போகலாம் என்று அந்த வருடமே நான் முடிவு செய்திருந்தேன். நேபாளத்திலும் 2023 ஏப்ரல் 1 முதல் வெளிநாட்டு மலையேறிகள் உரிமம் பெற்ற வழிகாட்டியோடு போக வேண்டும் என்று அந்நாட்டுச் சுற்றுலா வாரியம் விதி கொண்டுவந்துவிட்டது. விவாதம் அதோடு முடிந்தது.

ஏஜென்சி தேடியபோது முதலில் பேசிய ஒரு நிறுவனம் மற்றவர்களைவிட மிகக் குறைவான தொகை சொன்னது. சுமை தூக்குபவர்களுக்கு இன்ஷூரன்ஸ் உண்டா, ஒருவர் எத்தனை கிலோ தூக்குவார் என்று கேட்டேன். "அதெல்லாம் உங்களுக்கு எதற்கு மேடம், உங்கள் சௌகரியத்தை மட்டும் பாருங்கள்" என்று பதில் வந்தது. வேண்டாம் என்று விட்டுவிட்டோம். இரண்டாவதாகப் பேசியவர்கள் நான் கேட்பதற்கு முன்பே எடை வரம்பைச் சொன்னார்கள். அவர்களோடு போனோம். எட்டு பேருக்கு ஒரு தலைமை வழிகாட்டி, ஒரு துணை வழிகாட்டி, நான்கு போர்ட்டர்கள். அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்குள் நுழைய அனுமதிச் சீட்டு தனி. இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்கு 1,000 நேபாள ரூபாய், மற்ற வெளிநாட்டவருக்கு 3,000. நம் ஒரு ரூபாய்க்கு அங்கே 1 ரூபாய் 60 காசு.

இப்படிப் பணம் கட்டி, ஆள் வைத்து, மலைக்கு நடந்து போகும் ஏற்பாடு நேபாளத்தில் எப்படித் தொடங்கியது என்பதை வழியில்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஜிம்மி ராபர்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் கூர்க்கா ராணுவ அதிகாரி 1964இல் காத்மாண்டுவில் ஒரு நிறுவனம் தொடங்கினார். 1965இல் அவர் அழைத்துச் சென்ற முதல் குழுவில் இருந்தவர்கள் மூன்று அமெரிக்கப் பெண்மணிகள். இளவயதுக்காரர்களும் அல்ல. முட்டிவலிக்குத் தைலத்தோடு கிளம்பிய எனக்கு இந்தச் செய்தி பெரிய தெம்பைத் தந்தது.

முதல் நாள் ஜீப்பில் காந்துருக் வரை. சுமார் 2,000 மீட்டரில் அமைந்த குருங் இன மக்களின் கிராமம். கற்பலகை வேய்ந்த கூரைகள், கல் பாவிய தெரு, முற்றத்தில் காயும் சோளம். எங்கள் வழிகாட்டியும் குருங். அவருடைய அப்பா இந்திய ராணுவத்தின் கூர்க்கா படையில் இருந்து ஓய்வு பெற்றவர். பொக்காராவில் இந்திய ராணுவத்தின் ஓய்வூதிய அலுவலகம் இருக்கிறது. முன்பெல்லாம் அப்பா மூன்று நாள் நடந்து போய்ப் பென்ஷன் வாங்கி வருவார் என்று சொன்னார்.

இரண்டாம் நாள் காலையில்தான் உண்மையான நடை. ஏழு மணிக்குக் கிளம்பினோம். துணை வழிகாட்டி முன்னால் போனார். தலைமை வழிகாட்டி எங்கே என்று தேடினேன். எல்லாருக்கும் கடைசியில், எனக்கும் பின்னால், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மெதுவாக வந்துகொண்டிருந்தார். எட்டு நாளும் அவர் அந்த இடத்தை விடவில்லை. குழுவிலேயே மெதுவாக நடப்பவரின் வேகம் எதுவோ அதுதான் அவருடைய வேகம். "பிஸ்தாரை, பிஸ்தாரை" என்பார். மெல்ல, மெல்ல என்று பொருள். முதல் ஒரு மணி நேரம் அந்த மெதுநடை எங்கள் இளைஞர்களுக்கு எரிச்சலாக இருந்தது. சாயங்காலம் சோம்ரோங் படிக்கட்டில் அவர்களே மூச்சு வாங்க உட்கார்ந்தபோது அவர் எதுவும் சொல்லாமல் தண்ணீர்ப் புட்டியை நீட்டினார்.

அந்தப் படிக்கட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மலையேற்றம் என்றால் கரடுமுரடான ஒற்றையடிப் பாதை என்று நினைத்துப் போனேன். அன்னபூர்ணா பாதையில் பெரும்பகுதி படி. கல்லைப் பெயர்த்து அடுக்கி அங்குள்ள மக்கள் கட்டிய ஆயிரக்கணக்கான படிகள். சோம்ரோங்கில் ஊர் உச்சியிலிருந்து ஆறு வரை இறங்கி, பாலத்தைக் கடந்து, எதிரே சினுவா வரை அத்தனையையும் மறுபடி ஏற வேண்டும். திரும்பி வரும்போது அதே கணக்கு தலைகீழ். ஏறுவது மூச்சைப் பிடிக்கும், இறங்குவது முட்டியைப் பிடிக்கும். ஊரில் மூன்று மாதம் சமதளத்தில் நடந்த நடை எனக்கு அவ்வளவாக உதவவில்லை. கடைசி மூன்று வாரம் எங்கள் அடுக்குமாடியின் நான்கு மாடியைத் தினமும் பத்து முறை, முதுகில் ஐந்து கிலோ அரிசியோடு ஏறி இறங்கினேனே, அதுதான் கைகொடுத்தது. போக நினைக்கிறவர்கள் முதல் நாளிலிருந்தே படி ஏறுங்கள். கைத்தடி இரண்டு கட்டாயம். புது ஷூவை மலையில் போட்டுப் பழக்காதீர்கள். கால் நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள், இறக்கத்தில் விரல் முன்னே போய் இடிக்கும்.

தங்குமிடங்களை 'டீ ஹவுஸ்' என்கிறார்கள். பலகைச் சுவர், இரண்டு மூன்று கட்டில், கனத்த போர்வை. பக்கத்து அறையில் இருமினால் நம் தலையணையில் கேட்கும். கழிப்பறை பெரும்பாலும் வெளியே, இரவில் தலைவிளக்கோடு போக வேண்டும். வெந்நீர்க் குளியல், செல்போன் சார்ஜ், வைஃபை எல்லாவற்றுக்கும் தனிக் காசு, உயரம் ஏற ஏற விலையும் ஏறும். முதலில் எனக்கும் சுருக்கென்றது. ஒரு கேஸ் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு ஒருவர் அதே படிகளில் ஏறி எங்களைக் கடந்து போனதைப் பார்த்த பிறகு விலைப்பட்டியலைக் குறை சொல்ல வாய் வரவில்லை.

சாப்பாட்டுக்குத் தமிழர்கள் பயப்படவே வேண்டாம். தால் பாத் என்றால் பருப்பும் சோறும்தான். கூடவே உருளைக்கிழங்குக் கறி, கீரை, அப்பளம், ஒரு ஊறுகாய். தட்டு காலியாகக் காலியாகக் கேட்காமலே வந்து போடுவார்கள். நானோ மாவடுவைத் தொட்டுக்கொண்டு இரண்டு வேளையும் அதையே சாப்பிட்டேன். பூண்டு சூப், குருங் ரொட்டி, புளிக்க வைத்துக் காயவைத்த கீரையில் செய்யும் குந்த்ருக் எல்லாம் உண்டு. சினுவாவைத் தாண்டினால் இறைச்சி கிடையாது. மேலே இருக்கும் பள்ளத்தாக்கு அங்குள்ள மக்களுக்குத் தெய்வம் குடியிருக்கும் இடம், அதனால் கோழி, பன்றி, எருமை எதையும் கொண்டுபோகக் கூடாது. தோபானுக்கு அப்பால் காட்டுக்குள், எதிர்ப்பாறையில் அருவிகள் நூல் நூலாக இறங்குவதைப் பார்த்தபடி ஒரு சிறு கற்கோயில் இருக்கிறது. எங்கள் ஆட்கள் ஒருவர் விடாமல் சுமையை இறக்கி வைத்துவிட்டு மணியடித்துக் கும்பிட்டுப் போனார்கள். அன்னபூரணியின் பெயர் கொண்ட மலைக்குப் போகிறோம். நானும் செருப்பைக் கழற்றுவதுபோல ஷூ கயிற்றை அவிழ்த்தேன்.

சாப்பாட்டுக் கூடத்தில் ஒன்றைக் கவனித்தேன். வழிகாட்டி எங்களுக்குத் தட்டு எடுத்து வருகிறார், யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று பார்க்கிறார், மறுநாள் காலைச் சாப்பாட்டை நோட்டில் எழுதிக்கொள்கிறார். நாங்கள் எழுந்து போன பிறகுதான் அவரும் போர்ட்டர்களும் சாப்பிட உட்காருகிறார்கள். கூட்டம் அதிகமான ஒரு நாள் அவர்களுக்குப் படுக்கை கிடைக்கவில்லை. கூடத்து பெஞ்சுகளிலேயே படுத்தார்கள். காலையில் எங்களுக்கு முன் எழுந்து, பெஞ்சைத் துடைத்து, டீ வைத்திருந்தார்கள்.

என் பையைச் சுமந்த பையனுக்கு 22 வயது. நாம்லோ என்ற பட்டையை நெற்றியில் கொடுத்து, மொத்தப் பாரத்தையும் கழுத்தில் வாங்கி ஏறுவான். தோளில் மாட்டும் வார் இருந்தாலும் அவனுக்கு நெற்றிப் பட்டைதான் பழக்கம். நாங்கள் இரண்டு மணி நேரத்தில் ஏறியதை ஒரு மணி நேரத்தில் ஏறிப் போய் விடுதி வாசலில் எங்களுக்காக நிற்பான். வழிகாட்டியை அவன் "தாஇ" என்று கூப்பிடுவான். நேபாளியில் அண்ணன். எனக்கு ஒவ்வொரு முறையும் அது "தாய்" என்றே காதில் விழும். கடைசி நாட்களில் அப்படிக் காதில் விழுவதே பொருத்தம் என்று தோன்றிவிட்டது.

ஹிமாலயா என்ற இடத்துக்கும் தேவுராலிக்கும் நடுவே பாதை சட்டென்று குணம் மாறுகிறது. மூங்கிலும், ஏப்ரலில் சிவப்பாகப் பூத்துக் கிடந்த லாலிகுராஸ் மரங்களும் பின்தங்கிவிட்டன. இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை, நடுவே மோதி ஆறு. ஹின்கு குகை என்ற பெரிய பாறைக் கூரையின் கீழ் எங்களை நிறுத்தி, வழிகாட்டி முதல்முறையாகக் கண்டிப்பான குரலில் பேசினார். இனி அடுத்த பகுதியில் போட்டோ கிடையாது, உட்காருவது கிடையாது, பேச்சுகூட வேண்டாம், ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு நிற்காமல் நடக்க வேண்டும். இது பனிச்சரிவு வரும் பாதை. ஹியுன்சுலி மலையின் மேல்சரிவில் சேரும் பனி கீழே நடப்பவர் கண்ணுக்கே தெரியாது. வெயில் ஏறியதும் அது கழன்று, பாறை இடுக்கு வழியாக ஆறு வரை வந்துவிடும். 2020 ஜனவரி 17 அன்று தேவுராலிக்குப் பக்கத்தில் வந்த சரிவில் தென்கொரியர் நான்கு பேரும் நேபாளிகள் மூன்று பேரும் புதைந்து போனார்கள். அதனால்தான் அன்று எங்களை விடியுமுன் எழுப்பியிருந்தார். ஆற்றைக் கடந்து மறுகரையின் மாற்றுப் பாதையில் கூட்டிப் போனார். பழைய சரிவின் அழுக்குப் பனி ஆற்றின் மேல் பாலம்போல் கிடந்தது. அதற்குள் முறிந்த மரங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒருவரும் வாய் திறக்கவில்லை. பத்து மணிக்குத் தேவுராலி விடுதியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, தூரத்தில் இடி முழக்கம்போல் ஒரு நீண்ட சத்தம் கேட்டது. வானத்தில் மேகமே இல்லை. வழிகாட்டி சத்தம் வந்த திசையைப் பார்த்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

தேவுராலி 3,230 மீட்டர். அன்று மாலை என் கணவர் தால் பாத் தட்டைப் பாதியில் ஒதுக்கினார். "பசியில்ல" என்றார். முப்பது வருடத்தில் இவர் சோற்றை ஒதுக்கி நான் பார்த்தது குறைவு. அலைச்சல் என்று நான் நினைத்தேன். வழிகாட்டி தட்டைப் பார்த்தார், பிறகு அவர் முகத்தைப் பார்த்தார். தலைவலி உண்டா, எந்த இடத்தில், எப்போதிருந்து என்று கேட்டார். விரலில் கருவியை மாட்டிப் பிராணவாயு அளவைப் பார்த்தார். குதிகாலோடு முன்விரலை ஒட்டி ஒட்டி வைத்து நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னார். அது தள்ளாடினால் மூளையில் நீர் கோத்திருக்கலாம், அப்போது ஒரு நிமிடம்கூட நிற்காமல் இரவோடு இரவாக இறக்க வேண்டும். தள்ளாடவில்லை. தண்ணீர் குடித்துப் படுங்கள், காலையில் பார்ப்போம் என்றார். இரவு இரண்டு முறை கதவைத் தட்டி வந்து பார்த்துவிட்டுப் போனார். விடியற்காலையில் இவர் வாந்தியெடுத்தார். தலைவலி விடவில்லை.

"மாத்திரை போட்டுக்கிட்டு மெதுவா ஏறிடலாமே" என்றார் என் கணவர். ஒரு வருடம் கனவு கண்ட மனிதர், இன்னும் ஒரே ஒரு நாள் நடை. வழிகாட்டி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "மாத்திரை போட்டால் வலி தெரியாது, தாஜு. உயரம் அப்படியேதான் இருக்கும்" என்றார். தாஜு என்றால் மூத்தவர், மரியாதைக்குரிய அண்ணன். பேரம் பேச அவர் இடமே கொடுக்கவில்லை. துணை வழிகாட்டியோடு இப்போதே கீழே இறங்க வேண்டும், தோபான் வரையாவது. நான் கூடப் போகிறேன் என்றேன். இவர் கேட்கவில்லை. "நீ போயிட்டு வா. ரெண்டு பேரும் பாக்காம திரும்புறதுக்கு ஒருத்தராவது பாத்துட்டு வந்து சொல்லலாம்ல" என்றார். மூட்டை முடிச்சோடு அவர் இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். துணை வழிகாட்டி அவருக்கு ஓரடி பின்னால், முதுகில் கைபடும் தூரத்தில் நடந்தார்.

வழிகாட்டியோடு போவதில் மிகக் கடினமான பகுதி எது என்றால் இதைத்தான் சொல்வேன். பணம் நம்முடையது, விடுமுறை நம்முடையது, ஆசை நம்முடையது. ஆனால் போதும், திரும்பு என்று சொல்லும் உரிமையை அவரிடம் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். அன்னபூர்ணாவின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. 1950 ஜூன் 3 அன்று மோரிஸ் எர்சோகும் லூயி லாஷனாலும் இந்த மலையின் 8,091 மீட்டர் உச்சியில் நின்றார்கள். 8,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரம் ஒன்றில் மனிதன் ஏறியது அதுவே முதல்முறை. அதற்கு முன் கடைசி முகாமில், குழுவின் ஷெர்பா தலைவர் ஆங் தார்க்கேயையும் உச்சிக்கு வரச்சொல்லி எர்சோக் அழைத்தார். பாதம் உறையத் தொடங்குகிறது என்று சொல்லி, அந்தப் பெருமையை விட்டுவிட்டு ஆங் தார்க்கே கீழே இறங்கினார். உச்சியைத் தொட்ட இருவருமே பனிக்கடியால் கால்விரல்களை இழந்தார்கள். எர்சோகுக்குக் கைவிரல்களும் போயின. உலகம் எர்சோகின் பெயரைக் கொண்டாடியது. நான் அன்று தேவுராலியிலிருந்து ஏறும்போது ஆங் தார்க்கேயைத்தான் நினைத்துக்கொண்டேன்.

பலர் தேவுராலியிலிருந்து ஒரே நாளில் பேஸ் கேம்ப் போய்த் தங்குகிறார்கள். எங்கள் வழிகாட்டி மச்சபுச்ரே பேஸ் கேம்ப்பில், 3,700 மீட்டரில் நிறுத்திவிட்டார். 3,000 மீட்டரைத் தாண்டினால் தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. பகல் ஒரு மணிக்கே வந்துவிட்டோமே, சும்மா உட்காருவதா என்று ஒருவர் முணுமுணுத்தார். இரண்டு மணிக்கு மேகம் மூடி, ஆலங்கட்டி கூரையில் கொட்டியது. மாலை ஏழு மணிக்கு விடுதியின் போன் அடித்தது. வழிகாட்டி பேசிவிட்டு நேராக என்னிடம் வந்தார். "தலைவலி போய்விட்டது. தால் பாத் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம்." நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் அதிகாலை நான்கு மணி. தலைவிளக்கு வெளிச்சத்தில், முன்னால் போனவரின் காலடிக் குழியில் கால் வைத்துப் பனியில் நடந்தோம். அந்த உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு கடல்மட்டத்தில் கிடைப்பதில் சுமார் 60 சதவீதம்தான். பத்தடி நடந்து ஒரு நிமிடம் நிற்க வேண்டியிருந்தது. நான் நின்றபோதெல்லாம் பின்னால் அவரும் நின்றார். ஒருமுறைகூட "சீக்கிரம்" என்ற சொல் வரவில்லை. விடிந்தபோது சுற்றிலும் மலைகள், வட்டமாக, ஒரு பெரிய அண்டாவின் அடியில் நிற்பதுபோல. சூரியன் கிழக்கே மச்சபுச்ரேவுக்குப் பின்னால் இருந்து வந்ததால் அந்த மீன்வால் சிகரம் கருநிழலாக நின்றது. எதிரே அன்னபூர்ணா தெற்கு உச்சியில் முதல் பொன்பொட்டு விழுந்தது. பிறகு அன்னபூர்ணா முதல் சிகரத்தின் தென்முகம், நாங்கள் நின்ற இடத்திலிருந்து ஏறக்குறைய 4,000 மீட்டர் நிமிர்ந்து நிற்கும் சுவர், மேலிருந்து கீழாக மெல்ல ஒளி வாங்கியது.

அந்தச் சுவரில் 1970இல் கிறிஸ் போனிங்டன் தலைமையில் வந்த குழுவின் டான் வில்லன்ஸும் டூகல் ஹாஸ்டனும் ஏறினார்கள். ஏறி முடித்து மலையைக் காலி செய்து இறங்கும்போது இயன் கிளஃப் பனிப்பாளம் சரிந்து இறந்தார். 1997 கிறிஸ்துமஸ் அன்று அனத்தோலி புக்ரேயேவ் இதே மலையின் பனிச்சரிவில் போனார். அவர் நினைவுக் கல் பேஸ் கேம்ப்பில் இருக்கிறது, பிரார்த்தனைக் கொடிகள் சுற்றிப் படபடக்கின்றன. மச்சபுச்ரே மட்டும் யாரும் ஏறாத மலை. 1957இல் ஜிம்மி ராபர்ட்ஸ் தலைமையில் வந்த குழுவில் இருவர் 6,993 மீட்டர் உச்சிக்கு ஏறக்குறைய 50 மீட்டர் கீழே வரை போய்த் திரும்பினார்கள். பிறகு அந்த மலை ஏறுவோருக்கு மூடப்பட்டது. சிவனின் இடம் என்று வணங்குகிறார்கள். தொடாமல் விட்ட ஒரு மலை அங்கே நிற்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஒரு மணி நேரம்தான் இருந்தோம். பனியாற்றின் கரை இடிந்துகொண்டே வருகிறது, கொடிக்கு அப்பால் போகக் கூடாது என்று வழிகாட்டி ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். என் கணவருக்காக ஒரு சின்னக் கல் எடுக்கக் குனிந்தேன். மலையிலிருந்து எதையும் எடுப்பதில்லை என்று தலையசைத்தார். வைத்துவிட்டேன்.

இறக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தோபானில் என் கணவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார், முகத்தில் தெளிவு வந்திருந்தது. மறுநாள் முட்டி கதறியது. ஜினு வெந்நீர் ஊற்றில் ஆற்றோரம் உட்கார்ந்தபோது எட்டு நாள் வலியும் இறங்கியது. கடைசி மாலை எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டோம். அன்றைக்கு மட்டும் அவர்களையும் எங்களோடு மேசையில் உட்கார வைத்தோம், நாங்கள் பரிமாறினோம். அன்பளிப்பைக் குழுவாகச் சேர்த்து, யாருக்கு எவ்வளவு என்று முன்பே பிரித்து, ஒவ்வொருவர் கையிலும் நேரடியாகக் கொடுத்தோம். வழிகாட்டியிடம் மொத்தமாகக் கொடுத்து நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லாமல் இருப்பது நல்லது. நெற்றியில் சுமந்தவன் கண்ணுக்கு நேரே அவன் பங்கு வர வேண்டும்.

வழிகாட்டியோடு போகும் ஏற்பாடு நம் ஊரிலும் வந்திருக்கிறது. தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் 40 மலைப்பாதைகளைத் திறந்து, காட்டை ஒட்டி வாழும் பழங்குடி இளைஞர்களை வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்து அனுப்புகிறது. பொக்காராவில் மூன்று சகோதரிகள் 1990களில் தொடங்கிய நிறுவனம் பெண்களுக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்து, பெண்கள் குழுவுக்குப் பெண் வழிகாட்டியை அனுப்புகிறது. தனியாகப் போகத் தயங்கும் பெண்களுக்கு இந்த வழி இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

இமயத்துக்கோ நம் மலைக்கோ, வழிகாட்டியோடு போகத் திட்டமிடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். முன்பணம் கட்டுவதற்கு முன் நான்கு கேள்வி கேளுங்கள். சுமை தூக்குபவர் எத்தனை கிலோ தூக்குவார்? அவருக்கு இன்ஷூரன்ஸ் உண்டா? குளிருக்கான உடையும் படுக்கையும் அவருக்கும் உண்டா? எங்களில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் அவரோடு இறங்க இன்னொரு ஆள் இருக்கிறாரா? உங்கள் பயண இன்ஷூரன்ஸ் எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும், ஹெலிகாப்டர் மீட்புக்குப் பணம் தருமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிற நிறுவனத்தை விட்டுவிடுங்கள். பிறகு வீட்டில் ஒரு தராசை எடுத்து, உங்கள் பையை நீங்களே நிறுத்துப் பாருங்கள்.